நம் பெயரில் நமக்கே ஒரு கடிதம்

மொட்டைக் கடிதம் என்பது நம் குடும்பங்களுக்குப் புதிய சங்கதியல்ல. கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்கும், உத்தியோக உயர்வு நெருங்கும் காரியாலயத்துக்கும் அது தவறாமல் வந்து சேரும். அதில் கையெழுத்து இராது, ஊர் இராது, "தங்கள் நலம் விரும்பும் ஒருவன்" என்று மட்டும் முடிந்திருக்கும். விவரம் அறிந்த பெரியவர்கள் அதைப் படித்து, அடுப்பில் போட்டுவிட்டு, அடுத்த காரியத்தைப் பார்ப்பார்கள். ஆனால், கடிதத்தில் நம்முடைய கையெழுத்தே இருந்தால் என்ன செய்வது? அனுப்பியவரும் நாம், பெறுபவரும் நாம் என்று ஒரு கடிதம் வந்து, அதை நாம் எழுதவில்லை என்பது மட்டும் நமக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால்?

மின்னஞ்சல் வைத்திருக்கும் நேயர்களில் பலருக்கு இந்த விசித்திர அநுபவம் ஏற்பட்டிருக்கும். காலையில் பெட்டியைத் திறக்கிறோம். 'அனுப்புநர்' என்ற இடத்தில் நம்முடைய சொந்த முகவரி, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் நிற்கிறது. உள்ளே மலிவு மருந்து விளம்பரமோ, கைக்கடிகார வியாபாரமோ, அல்லது பணம் கேட்கும் மிரட்டலோ இருக்கிறது. பார்த்தவுடன், "ஐயோ, யாரோ என் பெட்டிக்குள் புகுந்து என் பேனாவை எடுத்தே எழுதிவிட்டான்!" என்று மனம் பதறுகிறது. பெரும்பாலும் அப்படி ஒன்றும் நடந்திராது. அவன் நம் வீட்டுக்குள் வரவேயில்லை. தெருவில் நின்றுகொண்டு, நம் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி, நம் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். வீடு புகுந்த திருடனுக்கும் பெயரைத் திருடியவனுக்கும் உள்ள இந்த வேற்றுமையைத் தெரிந்து கொள்ளாததனால்தான், படித்தவர்களுங்கூடப் பணத்தையும் தூக்கத்தையும் இழந்திருக்கிறார்கள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? சாதாரணத் தபாலை எடுத்துக்கொள்வோம். உறையின் மேல் விலாசம் இருக்கிறது. உறைக்குள் இருக்கும் கடிதத்தின் தலைப்பில் எழுதியவருடைய ஊரும் பேரும் இருக்கின்றன. தபால்காரருக்கு உறைதான் முக்கியம். உள்ளே "இப்படிக்கு, ஜில்லா கலெக்டர்" என்று ஒருவர் கையெழுத்திட்டிருந்தால், அவர் கலெக்டர்தாமா என்று தபாலாபீஸில் விசாரிப்பதில்லை. மின்னஞ்சலிலும் அப்படியே உறை ஒன்று, உள் கடிதம் ஒன்று. தென் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் போஸ்டல் என்பவர் 1982-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வகுத்து வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்ற விதிகளின்படியே இன்றும் உலகத்தின் மின்னஞ்சல் ஓடிக் கொண்டிருக்கிறது. அதில் இரண்டு யந்திரங்கள் சந்தித்துப் பேசிக் கொள்ளும் முறை வெகு சுவாரஸ்யமானது. வந்த யந்திரம், "வந்தனம், நான் இன்ன இடத்திலிருந்து வருகிறேன்" என்கிறது. பிறகு, "இன்னாரிடமிருந்து ஒரு கடிதம்" என்கிறது. அப்புறம், "இன்னாருக்கு" என்கிறது. மூன்றுக்கும் எதிர் யந்திரம், "250, சரி" என்று பதில் சொல்கிறது. இவ்வளவும் உறையைச் சேர்ந்த பேச்சு. இதற்கப்புறம் உள் கடிதம் அப்படியே ஒப்படைக்கப்படுகிறது. அதன் தலைப்பில் 'அனுப்புநர்' என்று என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. உறையோ வழியிலேயே கிழித்தெறியப்படுகிறது. உறையில் ஒரு பெயரும் உள்ளே வேறொரு பெயரும் இருந்தால், 1982-ம் வருஷத்து விதிகளில் அதற்கு ஆட்சேபமே கிடையாது.

போஸ்டலைக் குறை சொல்வது நியாயமாகாது. 1971-ல் ரே டாம்லின்ஸன் ஒரு யந்திரத்திலிருந்து மற்றொரு யந்திரத்துக்கு முதன் முதலாகக் கடிதம் அனுப்பியபோதும், அதற்குப் பத்து வருஷங்களுக்குப் பிறகும், அந்த வலையில் இருந்தவை சில சர்வகலாசாலைகளும் ஆராய்ச்சி ஸ்தாபனங்களுமே. அக்கிரகாரம் முழுவதும் உறவினராக இருந்தால் வாசற் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? 1978-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி முதல் குப்பைக் கடிதம் புறப்பட்டது. டிஜிடல் எக்விப்மென்ட் என்ற கம்பெனி, தன் புதிய கணிப்பொறிகளைப் பார்க்க வருமாறு அமெரிக்காவின் மேல்கரையில் இருந்த சுமார் 400 பேருக்கு அழைப்பு அனுப்பியது. வசவு ஏராளமாகக் கிடைத்தது. ஆனால் அந்தக் கம்பெனி தன் பெயரை மறைக்கவில்லை. பிற்காலத்தவரோடு ஒப்பிட்டால், முதற் குப்பைக்காரரை நாணயஸ்தர் என்றே சொல்ல வேண்டும்.

பின்னால் வந்தவர்கள், எத்தனையோ பெயர்கள் இருக்க, பெறுபவருடைய பெயரையே ஏன் அனுப்புநர் இடத்தில் எழுதத் தொடங்கினார்கள்? முதலாவது, சோம்பேறித்தனம். பல லட்சம் முகவரிகளை வைத்திருக்கும் மோசக்காரனுக்கு, ஒவ்வொரு கடிதத்துக்கும் நம்பத் தகுந்த ஒரு பெயர் தேவை. பெறுபவரின் முகவரிதான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே! இரண்டாவது, தந்திரம். குப்பையைப் பிரித்துத் தள்ளும் சல்லடைகள், நமக்குத் தெரிந்தவர்களின் முகவரிகளைச் சந்தேகிக்காமல் உள்ளே விடுவது வழக்கம். நம் விலாசப் புத்தகத்தில் நம்முடைய முகவரியே இருப்பதும், நம்பத் தக்கவர் ஜாபிதாவில் நாமே நம் பெயரைச் சேர்த்து வைத்திருப்பதும் சகஜம். ராஜ மரியாதையோடு குப்பை உள்ளே வந்துவிடும். மூன்றாவது காரணம் மனித சுபாவம். தன் பெயரைத் தாங்கி வந்த கடிதத்தைத் திறந்து பாராமல் இருக்கக் கூடிய ஞானி எங்கே இருக்கிறார்?

இம்மட்டும் இருந்திருந்தால் இதை ஒரு தொல்லை என்று சொல்லி விட்டுவிடலாம். 2018-ம் வருஷத்தில் இந்தத் தந்திரம் வேறு ரூபம் எடுத்தது. அவ்வருஷம் ஜூலை மாதத்தில், பெறுபவருடைய பழைய கடவுச்சொல் ஒன்றைத் தலைப்பிலேயே எழுதிய மிரட்டல் கடிதங்கள் பல தேசங்களிலும் பரவின. சில மாதங்களுக்குள், பெறுபவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அதே கடிதங்கள் வரலாயின. "உன் பெட்டி என் கைவசம் இருக்கிறது. அத்தாட்சி வேண்டுமா? இந்தக் கடிதம் உன் முகவரியிலிருந்தே வந்திருப்பதைப் பார். உன் கணிப்பொறியின் காமிரா வழியாக, நீ ஆபாசப் படம் பார்த்ததைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். இத்தனை நாழிகைக்குள் இத்தனை டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்பாவிட்டால், உன் பந்துமித்திரர் அனைவருக்கும் அது போய்ச் சேரும்" என்பது அவற்றின் சாரம்.

எமக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு அவ்வாண்டுக் கார்த்திகை மாதத்தில் இது வந்தது. பரம சாது. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு, "வயிற்றில் மந்தம்" என்றார். மூன்றாம் நாள், கல்லூரியில் படிக்கும் பேரனைத் தனியாக அழைத்து, "ஏனப்பா, இந்தப் பிட்காயின் என்பதை எங்கே வாங்குவது?" என்று கேட்டார். பையன் கெட்டிக்காரன். மெதுவாக விஷயத்தை வரவழைத்துவிட்டான்.

"தாத்தா, உங்கள் கணிப்பொறியில் காமிராவே இல்லையே! எதைக் கொண்டு படம் பிடித்திருப்பான்?"

"அது எனக்குத் தெரியாதா? ஆனால் கடிதம் என் பெயரிலிருந்தே வந்திருக்கிறதேடா!"

"சரி, 'அனுப்பியவை' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். அதில் இந்தக் கடிதம் இருக்கிறதா?"

"இல்லை."

"அவன் எழுதியிருக்கிற கடவுச்சொல்?"

"அது என்னுடையதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். இப்போது வேறு."

"உங்கள் பெட்டி அவன் கையில் இருந்தால், இப்போதைய கடவுச்சொல்லை அல்லவா எழுதியிருப்பான்?"

கிழவர் நெடு நேரம் பேசவில்லையாம். காமிரா இல்லாத யந்திரம் தம்மைப் படம் பிடித்திராது என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆயினும் அனுப்புநர் இடத்தில் இருந்த அந்த ஒரு வரி அவருடைய அறிவையெல்லாம் கட்டிப் போட்டுவிட்டது. முப்பது வருஷம் கணக்குப் போதித்தவர் கதி இது. ஆகவே, ஏமாந்தவர்களைப் பேதைகள் என்று ஏளனம் செய்வது தகாது. வெட்கம் காரணமாக வீட்டில் சொல்ல மாட்டார்கள் என்பதை நம்பியே அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் ஒருவரிடம் வாய் திறந்து சொன்னால், அதன் பலத்தில் பாதி போய்விடும்.

அந்தப் பழைய கடவுச்சொல் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று நேயர்கள் கேட்கலாம். பெரிய ஸ்தாபனங்களின் உக்கிராணங்கள் உடைக்கப்பட்டு, உறுப்பினர்களின் முகவரிகளும் கடவுச்சொற்களும் மூட்டை மூட்டையாக விலைக்கு வந்திருக்கின்றன. லிங்க்ட்இன் ஸ்தாபனத்திலிருந்து 2012-ல் திருட்டுப் போனவற்றில் 11 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் 2016-ல் சந்தைக்கு வந்தது ஓர் உதாரணம். நம் முகவரி இம்மாதிரி மூட்டைகளில் அகப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ள, ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-ல் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் ப்வோன்ட்' என்ற இடம் இருக்கிறது. அகப்பட்டிருந்தால், அதே கடவுச்சொல்லை இன்னும் எங்கெங்கே வைத்திருக்கிறோமோ அங்கெல்லாம் மாற்றிவிட வேண்டும். ஒரே சாவியால் வீடு, பெட்டகம், பசு மாட்டுத் தொழுவம் எல்லாவற்றையும் பூட்டும் வழக்கம் நம்மவர்களிடம் அதிகம்.

நிற்க. இந்தக் கடிதங்களைத் தடுப்பது எப்படி? பலர் முதலில் செய்ய நினைப்பது, தங்கள் முகவரியையே தடை செய்துவிடுவது. "அனுப்புநரும் பெறுநரும் ஒன்றாக இருந்தால் குப்பையில் போடு" என்று யந்திரத்துக்கு உத்தரவிடுவது சுலபந்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதைப் போன்றது அது. நாமே நமக்கு எழுதிக் கொள்ளும் ஞாபகக் குறிப்புகள் மறைந்து போகும். காரியாலயத்தில் பத்திரங்களைப் பிரதி எடுத்து மின்னஞ்சலில் அனுப்பும் ஸ்கானர் யந்திரங்கள் பலவற்றில், அனுப்புநர் இடத்திலும் நம் முகவரியையே நிரப்பி வைத்திருப்பார்கள். அவசரப் பத்திரத்தின் பிரதி வரவில்லையே என்று தேடும்போது, அது குப்பையில் கிடக்கும். மேலும் மோசக்காரனுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. நாளைக்கு நம் சகோதரர் பெயரில் எழுதுவான். வந்த கடிதத்தைக் குப்பை என்று குறித்துத் தள்ளுவதில் தவறில்லை. நம் பெயரை நாமே பகிஷ்காரம் செய்வதுதான் கூடாது. நம்பத் தக்கவர் ஜாபிதாவில் நம் முகவரியைச் சேர்த்து வைத்திருந்தால், அதை எடுத்துவிடுவது மிகவும் நல்லது.

சரியான பரிகாரம், பெயரைப் பார்ப்பதை விட்டு, அப்பெயரில் கடிதம் கொண்டு வந்தவனுக்கு அதற்கு அதிகாரம் உண்டா என்று கேட்பது. இதற்கு மூன்று ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. மூன்றும் முகவரியின் பிற்பகுதியை, அதாவது டொமைன் பெயரை, ஆதாரமாகக் கொண்டவை.

முதலாவது எஸ்.பி.எப். மெங் வெங் வாங் என்பவர் முன்னின்று நடத்திய முயற்சியின் பலனாக 2006-ல் இது விதியாகப் பிரசுரமாயிற்று. 2014-ல் திருத்தம் பெற்றது. டொமைனுக்கு உரியவர், "என் பெயரில் கடிதம் கொண்டு வர அதிகாரம் பெற்ற யந்திரங்கள் இவையே" என்று டி.என்.எஸ். என்ற பொது ஏட்டில் எழுதி வைத்துவிடுகிறார். பெறுகிற யந்திரம் ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது பார்ப்பது உறையை மட்டும். மோசக்காரன் உறையின் மேல் தன்னுடைய சொந்த டொமைனையே யோக்கியமாக எழுதி, அதற்கு எஸ்.பி.எப். ஏடும் ஒழுங்காக வைத்திருந்தால், சோதனையில் தேறிவிடுவான். உள்ளே அனுப்புநர் இடத்தில் நம் பெயர்! எஸ்.பி.எப். வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நம்பியிருக்கும் பல பள்ளிக்கூடங்களும் கம்பெனிகளும் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகின்றன.

இரண்டாவது டி.கே.ஐ.எம். யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே செய்த யோசனைகளை இணைத்து 2007-ல் வெளியாயிற்று. அரக்கு முத்திரை போன்றது. அனுப்பும் யந்திரம், இரகசியச் சாவி ஒன்றைக் கொண்டு கடிதத்தின் மேல் முத்திரை பதிக்கிறது; முத்திரையைச் சோதிக்கும் பொதுச் சாவி அதே பொது ஏட்டில் இருக்கிறது. வழியில் யாரேனும் ஒரு வரியை மாற்றினாலும் முத்திரை உடைந்துவிடும். ஆயினும் இதிலும் ஒரு சந்து இருக்கிறது. முத்திரை யாருடையது என்பதற்கும், அனுப்புநர் என்று தெரியும் பெயருக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று இந்த விதி வற்புறுத்தவில்லை.

அந்தச் சந்தை அடைத்தது மூன்றாவதான டி-மார்க். கூகிள், யாஹூ, மைக்ரோஸாப்ட், பேபால் முதலிய ஸ்தாபனங்கள் சேர்ந்து 2012 ஜனவரியில் இதை அறிவித்தன. 2015 மார்ச்சில் பிரசுரமாயிற்று. உறையில் தேறிய பெயரோ முத்திரையில் தேறிய பெயரோ, இரண்டில் ஒன்றாவது நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரோடு பொருந்தியாக வேண்டும் என்கிறது டி-மார்க். பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்பதையும் டொமைனுக்கு உரியவரே சொல்லி வைக்கலாம்: சும்மா விடு, சந்தேகப் பெட்டியில் போடு, வாசலிலேயே திருப்பி அனுப்பு. நம் பெயரில் நமக்கே வரும் கள்ளக் கடிதத்தை நேரே தாக்கும் ஆயுதம் இதுதான்.

ஆயுதம் கூரியதென்றால் கை வெட்டுப்படுவதும் உண்டு. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பெயரில் வரும் பொருந்தாக் கடிதங்களையெல்லாம் திருப்பி அனுப்புமாறு திடீரென்று அறிவித்தது. பொதுச் சபைகளின் கடிதக் குழுக்களில் யாஹூ முகவரி வைத்திருந்தவர்கள் எழுதிய நியாயமான கடிதங்கள், குழுவின் யந்திரம் அடியில் இரண்டு வரி சேர்த்த குற்றத்துக்காக முத்திரை உடைந்து, எங்கும் ஏற்றுக் கொள்ளப்படாமல் திரும்பின. பலர் யாஹூவைச் சபித்தார்கள். கள்ளக் கடிதங்களுக்குப் பயந்து அதே மாதத்தில் ஏ.ஓ.எல்.லும் அவ்வாறே செய்தது. இதனால் அறிய வேண்டியது, சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் படிப்படியாகச் செல்ல வேண்டும் என்பதே. முதலில் "சும்மா விடு" என்று வைத்துக் கொண்டு, தம் பெயரில் யார் யார் கடிதம் அனுப்புகிறார்கள் என்று உலகத்தின் பெரிய தபால் யந்திரங்கள் தினந்தோறும் அனுப்பும் அறிக்கைகளைச் சில வாரங்கள் படிக்க வேண்டும். சம்பளப் பட்டியல் அனுப்பும் வெளிக் கம்பெனி, கட்டண ரசீது அனுப்பும் நிலையம், மேலே சொன்ன ஸ்கானர் எல்லாம் அப்போதுதான் வெளிப்படும். அவற்றுக்கெல்லாம் அதிகாரம் அளித்த பின்னர்க் கதவைச் சாத்தலாம்.

எம்முடைய ஆட்சேபம் கதவைச் சாத்தாதவர்களைப் பற்றியது. முதற் படியில் ஏறி நின்று, "டி-மார்க் வைத்தாயிற்று" என்று பலகை மாட்டிக் கொண்டு, வருஷக் கணக்காக அங்கேயே நிற்கும் ஸ்தாபனங்கள் ஏராளம். காவற்காரனை நியமித்து, "திருடன் வந்தால் கணக்கில் எழுதிக் கொள், தடுக்காதே" என்று உத்தரவு போட்டது போல் இருக்கிறது இது. அவர்கள் பெயரைத் தாங்கிப் போகும் கள்ளக் கடிதத்தால் நஷ்டப்படுகிறவர் வேறு யாரோ அல்லவா? அதனால்தான் அவசரம் தோன்றுவதில்லை போலும். கூகிளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்கள் மூன்று ஏற்பாடுகளையும் வைத்திருந்தே தீர வேண்டும் என்று கண்டித்துச் சொல்லிவிட்டன. கூகிளின் கணக்கில், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்கள் இதில் அடங்குவர். 2025 மே மாதத்தில் மைக்ரோஸாப்டும் தன் அவுட்லுக் பெட்டிகளுக்கு இதைப் போன்ற விதி செய்தது. ஆயினும் அந்த விதிக்கும் "சும்மா விடு" என்ற முதற் படியே போதும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக் கூடியது என்ன? கணிப்பொறியில் ஜிமெயிலைத் திறந்து, சந்தேகக் கடிதத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், 'ஷோ ஒரிஜினல்' என்ற கட்டளை இருக்கும். அதில் மேற்சொன்ன மூன்று சோதனைகளின் முடிவும் எழுதியிருப்பதைக் காணலாம். தேறாத கடிதம் நம் பெட்டியிலிருந்து புறப்படவில்லை. பதில் எழுத வேண்டாம். பணம் அனுப்ப வேண்டவே வேண்டாம். இரட்டைச் சோதனை என்னும் இரண்டாவது பூட்டைப் போட்டுக் கொள்க. அனுப்பியவை என்ற இடத்தில் நாம் எழுதாத கடிதங்கள் இருந்தாலோ, தெரியாத ஊரிலிருந்து பெட்டி திறக்கப்பட்டதாகக் குறிப்பு இருந்தாலோதான் வீடு புகுந்த திருடனைத் தேட வேண்டும்.

கைத்தொலைபேசியில் மட்டும் இன்னொரு ஜாக்கிரதை தேவை. சிறிய திரையில் பெயர் தெரியுமே தவிர முகவரி தெரியாது. மோசக்காரன் எங்கேயோ பெற்ற தன் சொந்த முகவரிக்கு நம் பெயரைச் சூட்டி அனுப்பினால், டி-மார்க்கும் ஒன்றும் செய்வதற்கில்லை, முகவரி உண்மையானதுதானே! பெயரின் மேல் விரலை வைத்து உள்ளிருக்கும் முகவரியைப் பார்த்துவிட வேண்டும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். சர்க்காரின் சைபர் குற்றப் புகார் நிலையத்திலும் எழுதலாம். யந்திரத்தின் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடிதத்தை அழிக்காமல் வைத்திருப்பது புகாருக்கு உதவும்.

கடைசியாக, சொந்தப் பெயரில் டொமைன் வாங்கிப் போட்டுவிட்டு உபயோகிக்காமல் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அதிலிருந்து கடிதமே அனுப்புவதில்லை, ஆகையால் இந்த ஏற்பாடுகள் தமக்கு வேண்டியதில்லை என்று அவர்கள் எண்ணுவதுண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டின் திண்ணையில்தான் வேண்டாதவர்கள் வந்து படுக்கிறார்கள். "இப்பெயரில் கடிதம் கொண்டு வர எந்த யந்திரத்துக்கும் அதிகாரமில்லை" என்று எஸ்.பி.எப். ஏட்டில் ஒரு வரியும், "வந்தால் திருப்பி அனுப்பு" என்று டி-மார்க்கில் ஒரு வரியும் எழுதி வைக்கலாம். டொமைன் விற்ற கம்பெனியாரிடம் கேட்டால் எங்கே எழுதுவது என்று காட்டிக் கொடுப்பார்கள். கால் மணி நேர வேலை.